வீட்டு ஊர்திகளின் பராமரிப்பும் பாதுகாப்புச் சோதனையும்

வீட்டு ஊர்தி என்பது உறங்கவும் சமைக்கவும் குளிக்கவும் வசதி கொண்ட, சாலையில் செல்லக்கூடிய வாகனம் ஆகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இது ஆர்.வி. எனப்படுகிறது. பிரித்தானியாவில் தானே ஓடும் வகையை மோட்டார்ஹோம் என்றும், காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வகையைக் கேரவன் என்றும் பிரித்துச் சொல்வர். தமிழ்நாட்டில் கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்க நிற்கும் வண்டியே பலருக்கு நினைவுக்கு வரும். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் மேலை நாடுகளில் இது பெரும்பாலும் ஓய்வுபெற்றோரும் சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களும் விடுமுறைக்குப் பயன்படுத்தும் வாகனம். அந்நாடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களிலும் கோடை விடுமுறைக்கு இதை வாடகைக்கு எடுத்துச் செல்வோர் உண்டு.

இக்கட்டுரை முக்கியமாக வட அமெரிக்க வீட்டு ஊர்திகளின் பராமரிப்பையும் பாதுகாப்புச் சோதனையையும் விளக்குகிறது. பிற நாடுகளின் விதிகள் தேவையான இடத்தில் சுட்டப்படுகின்றன.

தனிக் கவனம் ஏன் தேவை

வீட்டு ஊர்தியில் ஒரு வாகனமும் ஒரு வீடும் ஒன்றாக உள்ளன. வாகனப் பகுதியில் எஞ்சின், பிரேக், டயர், அச்சு ஆகியவை அடங்கும். வீட்டுப் பகுதியில் கூரை, தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி, எரிவாயு அடுப்பு, குளிர்பெட்டி, மின் இணைப்பு ஆகியவை அடங்கும். தரையில் கட்டிய வீடு ஆடாது, அசையாது. இந்த வீடோ சாலையில் செல்லும் ஒவ்வொரு மணி நேரமும் நிலநடுக்கத்தில் சிக்கியது போலக் குலுங்குகிறது. அதனால் திருகாணிகள் தளர்கின்றன, குழாய் இணைப்புகள் நெகிழ்கின்றன, கூரையின் மூட்டுகள் வாய் பிளக்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. இவ்வண்டிகள் ஆண்டில் பல மாதங்கள் ஓடாமல் வெயிலிலும் பனியிலும் நிற்கின்றன. ஓடிக் கெடுவதைவிட நின்று கெடுவதே இவற்றில் அதிகம். காருக்குச் செய்வது போல ஓடிய கிலோமீட்டரை மட்டும் கணக்கிட்டுப் பராமரித்தால் போதாது. நாள்காட்டியையும் பார்க்க வேண்டும்.

கூரையும் நீர்க்கசிவும்

வீட்டு ஊர்தியை மெல்ல மெல்ல அழிப்பதில் முதலிடம் தண்ணீருக்குத்தான். பெரும்பாலான வண்டிகளின் சுவர், மெல்லிய கண்ணாடியிழைத் தகடும் ஒட்டுப்பலகையும் நுரைத் திணிப்பும் சேர்த்து ஒட்டப்பட்டது. கூரையின் மேல் ரப்பர் போன்ற ஒரு விரிப்பு ஒட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் கண்ணாடியிழைக் கூரை இருக்கும். அந்தக் கூரையில் காற்றுப்போக்கி, குளிர்சாதனம், ஆன்டெனா, கழிவுத் தொட்டியின் புகைபோக்கி எனப் பல துளைகள் இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு துளையின் விளிம்பையும் மூடிக் காப்பது சுற்றிலும் பூசப்பட்ட ஒட்டுப்பசை மட்டுமே.

இந்தப் பசை வெயிலில் காய்ந்து வெடிக்கும். மயிரிழை அளவு வெடிப்பு விழுந்தாலும் மழைநீர் உள்ளே இறங்கும். இறங்கிய நீர் உடனே வீட்டுக்குள் சொட்டுவதில்லை. சுவருக்குள் ஒட்டுப்பலகை வழியே பரவி, மரத்தை உளுக்க வைத்து, மேல்தகட்டைப் பிரிந்து உப்பச் செய்கிறது. வெளிச் சுவரில் கொப்புளம் போன்ற புடைப்பைக் கண்ட பிறகு பழுதுபார்க்கப் போனால், சில நேரம் வண்டியின் மதிப்பைவிடச் செலவு கூடுதலாகிவிடும்.

ஆகவே குறைந்தது ஆண்டுக்கு இருமுறை, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், கூரை மீது ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். எல்லாக் கூரையும் ஆள் நடக்கத் தக்கதன்று; ஏணியில் நின்றே பார்க்க வேண்டியவையும் உண்டு. புதிய பசை பூசும்போது கூரை எப்பொருளால் ஆனதோ அதற்கு ஏற்றதையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கான் பசையைப் பூசிவிடுவது பலர் செய்யும் தவறு. அதன் மேல் வேறு பசை ஒட்டாது; அடுத்த முறை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளே அலமாரிகளின் மேல்மூலைகள், படுக்கைக்கு மேலுள்ள கூரை ஓரம், சன்னலின் கீழ்ப்பகுதி ஆகியவற்றை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமுங்கினாலோ பூஞ்சை வாடை வந்தாலோ கசிவு தொடங்கிவிட்டது. பிரித்தானியாவில் இதை ஈரமானி கொண்டு அளக்கிறார்கள். பொதுவாக 15 விழுக்காடு வரை இயல்பு எனவும், 20க்கு மேல் கவலைக்குரியது எனவும், 30ஐத் தாண்டினால் உள்கட்டமைப்பே சேதமடைந்திருக்கலாம் எனவும் கொள்கின்றனர்.

டயரும் எடையும்

காரின் டயர் தேய்ந்து மாற்றப்படுகிறது. வீட்டு ஊர்தியின் டயர் பெரும்பாலும் தேயும் முன்னரே முதுமையடைகிறது. பள்ளங்கள் புதிதுபோல ஆழமாக இருக்கும். ஆனால் பக்கச் சுவரில் ரப்பர் வறண்டு நுண்வெடிப்புகள் ஓடியிருக்கும். இதனால் ஏமாந்து போனவர்கள் பலர்.

டயரின் வயதை அறிவது எளிது. அமெரிக்க முறைப்படி பக்கச் சுவரில் டாட் என்னும் எழுத்துகளுடன் தொடங்கும் ஒரு குறியீடு இருக்கும். அதன் கடைசி நான்கு இலக்கங்களில் முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். முழுக் குறியீடு டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கக்கூடும். வெளிப்பக்கம் காணாவிட்டால் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் ஆண்டுதோறும் வல்லுநரிடம் காட்டுவதும், தோற்றம் நன்றாக இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓட்டாதிருப்பதும் டயர் தயாரிப்பாளர்கள் கூறும் பொது அறிவுரை. இழுவை வண்டி வைத்திருப்போர் பலர் ஆறேழு ஆண்டுகளிலேயே மாற்றிவிடுகின்றனர். அவர்கள் செய்வது சரியே.

காற்றழுத்தத்தை ஓட்டத் தொடங்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். பெரிய மோட்டார்ஹோம்களின் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டிரண்டு டயர்கள் இருக்கும். உள்டயரில் காற்று முழுவதும் இறங்கியிருந்தாலும் வெளிடயர் வண்டியைத் தாங்கி நிற்பதால் கண்ணுக்குத் தெரியாது. அப்போது இரண்டின் சுமையையும் ஒன்றே சுமந்து, சூடேறி, வெடிக்கும். காலால் உதைத்துப் பார்க்கும் பழக்கம் இங்கு ஒன்றுக்கும் உதவாது. அழுத்தமானியைச் செருகிப் பார்ப்பதே வழி.

காற்றழுத்தத்தோடு பிணைந்தது எடை. வண்டியின் மொத்த எடை எவ்வளவு வரை இருக்கலாம் என்பது கதவோரத்திலோ வெளிச் சுவரிலோ ஒட்டிய தகட்டில் எழுதப்பட்டிருக்கும். சட்டி பானை, மிதிவண்டி, கூடார நாற்காலி என ஒவ்வொன்றாக ஏற்றும்போது சுமை தெரிவதில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 100 அமெரிக்கக் கேலன் கொள்ளும் தொட்டியை நிரப்பினால் அது மட்டும் ஏறத்தாழ 378 கிலோகிராம்; ஐந்து பெரியவர்களை ஏற்றியதற்குச் சமம். நெடுஞ்சாலையோரச் சுமையுந்து நிலையங்களில் உள்ள எடைமேடையில், பயணத்துக்கு ஏற்றிய நிலையிலேயே ஒவ்வோர் அச்சையும் எடைபோடலாம். முடிந்தால் இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் தனித்தனியே எடைபோடுவது நன்று. சமையலறையும் குளிர்பெட்டியும் ஒரே பக்கம் அமைந்த வண்டிகளில் மொத்த எடை வரம்புக்குள் இருந்தும் ஒரு பக்க டயர்கள் மட்டும் அளவுக்கு மீறிச் சுமப்பதுண்டு.

சக்கரமும் இழுவை இணைப்பும்

இழுவை வண்டிகளின் சக்கரப் பேரிங்குகளை 12 மாதங்களுக்கு ஒருமுறை அல்லது 12,000 மைலுக்கு ஒருமுறை, எது முன்னரோ அப்போது, கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் வைப்பது அச்சுத் தயாரிப்பாளர்களின் வழக்கமான பரிந்துரை. பயணத்தின் இடையே நிறுத்தும்போது சக்கரத்தின் நடுப்பகுதியருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தால், மற்றவற்றைவிட ஒன்று மட்டும் கொதிக்கிறதா என்பது தெரிந்துவிடும். கொதித்தால் பேரிங்கோ பிரேக்கோ பழுது. சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பின் நட்டுகளை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கி, முதல் 50 மைலுக்குள் மீண்டும் சரிபார்க்க வேண்டும். இறுக்கிய நட்டு தானாகத் தளர்வது இவ்வண்டிகளில் அரிதன்று.

இழுவை வண்டி தப்பித்தவறிக் காரிலிருந்து பிரிந்துவிட்டால் அதன் பிரேக் தானே பிடிக்கும்படி ஓர் அவசர விசை உண்டு. காருடன் பிணைத்த மெல்லிய கம்பி இழுபட்டதும் விசையிலுள்ள முள் வெளியே வரும். இழுவை வண்டியின் சொந்த பேட்டரி பிரேக்குக்கு மின்சாரம் தரும். பேட்டரி செத்திருந்தால் விசை இருந்தும் பயனில்லை. வண்டியை நிறுத்தி வைத்து, முள்ளை இழுத்து, பிரேக் பிடிக்கிறதா எனச் சோதித்து உடனே முள்ளைத் திரும்பச் செருக வேண்டும். அந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியிலோ இணைப்புக் குண்டிலோ மாட்டக் கூடாது. குண்டு கழன்று போனால் கம்பியும் கூடவே போய்விடும், முள் இழுபடாது. காரின் உடற்சட்டத்தில் தனியாக மாட்டுவதே முறை.

எரிவாயு

அடுப்பு, வெந்நீர்க் கலன், அறைச் சூடேற்றி, பல வண்டிகளில் குளிர்பெட்டி ஆகிய அனைத்தும் புரொப்பேன் வாயுவில் இயங்குகின்றன. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால்தான் வாயுக் கசிவு அறிவிப்பான் தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் பொருத்தப்படுகிறது. நாய்க்குக் கிண்ணம் வைத்தோ, செருப்பைச் சாய்த்தோ அதை மறைப்பது ஆபத்து.

கசிவைக் கண்டறிய நம் வீட்டுச் சமையலறைகளில் பழகிய முறையே போதும்: இணைப்புகளில் சோப்பு நுரையைப் பூசி, குமிழி எழுகிறதா எனப் பார்ப்பது. தீக்குச்சியைக் கொண்டு சோதிக்கவே கூடாது. நுரைச் சோதனையோடு, ஆண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவரைக் கொண்டு அழுத்தச் சோதனையும் செய்விக்க வேண்டும். ரெகுலேட்டர் அடுப்புகளுக்குத் தரவேண்டிய அழுத்தம் 11 அங்குல நீர்மட்ட அளவு. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அழுத்தமானி வேண்டும். கழற்றி மாட்டும் சிலிண்டர்களுக்கு மறுசோதனைக் காலம் உண்டு. புதிய சிலிண்டருக்கு அமெரிக்காவில் 12 ஆண்டுகள், கனடாவில் 10 ஆண்டுகள். தேதி கழுத்து வளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

மாதக் கணக்கில் நின்ற வண்டியின் சூடேற்றிப் புகைவாயிலில் குளவி கூடு கட்டும். எரிப்பான் குழாயில் சிலந்தி வலை பின்னும். வலை சிறிதாயினும் காற்று கலப்பதைத் தடுத்துவிடும். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக, கரி பூசி எரிந்தால் அடைப்பு இருக்கிறது என்று அறியலாம். மஞ்சள் சுடர் கார்பன் மோனாக்சைடைக் கூடுதலாக உண்டாக்கும்.

இந்த வாயுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புரொப்பேனில் கசிவை உணர்த்தக் கெட்ட வாடையுள்ள பொருள் சேர்க்கப்படுகிறது. இதற்கு அப்படி எந்த எச்சரிக்கையும் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் ஆகியவை முதல் அறிகுறிகள். பயணக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடுபவர் எழாமலே போகக்கூடும். ஜெனரேட்டரின் புகைக்குழாய் வெடிப்பு, பக்கத்து வண்டியின் ஜெனரேட்டர் புகை திறந்த சன்னல் வழியே வருதல், குளிருக்கு அடுப்பை எரியவிட்டு உறங்குதல், மழைக்காகக் கரியடுப்பை உள்ளே கொண்டுவருதல் ஆகியவை வழக்கமான காரணங்கள். நிறமற்ற இவ்வாயுவை அறிவிக்கும் கருவி ஒவ்வொரு வண்டியிலும் உறங்கும் இடத்தருகே இருக்க வேண்டும். அதன் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பது ஒலிப்பானும் மின்சுற்றும் சரி என்பதை மட்டுமே காட்டும். வாயுவை உணரும் பகுதி வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது. உணரும் பகுதிக்கு ஆயுள் உண்டு. கருவியின் பின்புறம் அச்சிட்ட தேதி கடந்துவிட்டால், பொத்தான் எவ்வளவு உரக்கக் கூவினாலும் மாற்றிவிட வேண்டும். வாயுக் கசிவு அறிவிப்பானுக்கும் இதுவே பொருந்தும்; பலவற்றின் ஆயுள் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள்.

குளிர்பெட்டி

வீட்டிலுள்ள குளிர்பெட்டியில் கம்ப்ரசர் உண்டு. பல வீட்டு ஊர்திகளில் உள்ளதோ வெப்பத்தால் இயங்கும் உறிஞ்சு வகைக் குளிர்பெட்டி. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை மூடிய குழாய்களில் சுற்றி வருவதால் குளிர் உண்டாகிறது. திரவம் தன் எடையாலேயே கீழிறங்க வேண்டியிருப்பதால் வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்த நிலையில் நீண்ட நேரம் இயக்கினால் கொதிகுழாய் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடையும். வெளிப்புறக் கதவைத் திறந்து பார்க்கும்போது மஞ்சள் நிறப் பொடி படிந்திருந்தாலோ அம்மோனியா நெடி வந்தாலோ குழாய் கசிகிறது. உடனே அணைத்துவிட வேண்டும். ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றக் கூடியது. கொதிகுழாயில் வெடிப்பு விழுந்து தீப்பிடிக்கும் வாய்ப்பு இருந்ததால் 2006ஆம் ஆண்டில் டொமெடிக் நிறுவனத்தின் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குளிர்பெட்டிகள் அமெரிக்காவில் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டி வாங்குவோர், வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டு, நிலுவையில் திரும்ப அழைப்பு ஏதும் உண்டா எனக் கட்டணமின்றிப் பார்க்கலாம். குளிர்பெட்டி போன்ற உறுப்புகளின் திரும்ப அழைப்பை அவற்றின் வரிசை எண்ணைக் கொண்டு தனியே தேடுவது நல்லது.

மின்சாரம்

வண்டிக்குள் இரண்டு மின்னோட்டங்கள் உள்ளன. விளக்கு, தண்ணீர் மோட்டார் ஆகியவற்றுக்கு பேட்டரியின் 12 வோல்ட். குளிர்சாதனம் போன்றவற்றுக்கு முகாம் திடலின் மின்கம்பத்திலிருந்து வரும் 120 வோல்ட். ஈய-அமில பேட்டரி ஓய்வு நிலையில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்தது, 12.2 காட்டினால் பாதி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறங்கவிட்டால் ஆயுள் குறையும்.

மின்கம்பத்தில் செருகும் முன் சோதிப்பானை மாட்டி, முனைகள் மாறியுள்ளனவா, எர்த் இருக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். எர்த் இல்லாமல் கசிவு ஏற்பட்டால் வண்டியின் உலோக உடலே மின்னேறி நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் கதவுப் பிடியைத் தொடும் குழந்தைக்கு அது உயிராபத்து. தொட்டதும் சிறு சுரீரென்ற உணர்வு வந்தாலும் அலட்சியம் செய்யாமல் இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

சொந்த வீட்டில் வண்டியை நிறுத்துவோர் செய்யும் ஒரு பெருந்தவறு உண்டு. 30 ஆம்பியர் வீட்டு ஊர்திச் செருகுவாய் பார்வைக்குத் துணி உலர்த்தும் எந்திரத்தின் செருகுவாயை ஒத்திருக்கும். பழக்கமில்லாத மின்பணியாளர் அதற்கு 240 வோல்ட் கொடுத்துவிடுவார். செருகிய கணத்தில் உள்ளிருக்கும் கருவிகள் எரிந்து போகும். 30 ஆம்பியர் செருகுவாய்க்கு 120 வோல்ட் மட்டுமே.

தண்ணீரும் குளிர்காலமும்

நின்றிருந்த வண்டியின் குடிநீர்த் தொட்டியைப் பயணத்துக்கு முன் கிருமி நீக்க வேண்டும். மணமற்ற வீட்டு வெளுப்பு நீர்மத்தை 15 கேலனுக்கு, அதாவது சுமார் 57 லிட்டருக்கு, கால் கோப்பை என்ற அளவில் கலந்து எல்லாக் குழாய்களிலும் ஓடவிட்டு, இரவு முழுவதும் வைத்திருந்து பின் வாடை போகும்வரை அலசுவர்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைகிறது. குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடிக்காவிட்டால் அவை பிளக்கும். வடித்த பின் இளஞ்சிவப்பு நிறமுள்ள, நச்சற்ற உறைதடுப்பியைச் செலுத்துவது வழக்கம். காரின் எஞ்சினுக்கு ஊற்றும் உறைதடுப்பி நஞ்சு. குடிநீர்க் குழாயில் அதைச் செலுத்தவே கூடாது. வெந்நீர்க் கலனில் நீர் இல்லாதபோது அதைப் பற்றவைக்கவும் கூடாது.

தீயும் தப்பும் வழியும்

மரமும் நுரையும் பசையும் சேர்ந்த உடல் என்பதால் வீட்டு ஊர்தியில் தீ மிக விரைவாகப் பரவும். படுக்கையறையில் சிவப்புக் கைப்பிடி கொண்ட சன்னல் ஒன்று இருக்கும். அது தப்புவதற்கான வழி. பல ஆண்டுகள் திறக்காவிட்டால் அதன் ரப்பர் ஒட்டிக்கொண்டுவிடும். ஆண்டுக்கு இருமுறை திறந்து மூடுவதோடு, வீட்டிலுள்ள குழந்தைகளையும் ஒருமுறை திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீண்டும் நிரப்ப முடியாத வகையெனில் 12 ஆண்டுகளில் மாற்ற வேண்டும்.

சட்டமும் சோதனையாளரும்

அமெரிக்காவில் வாகனச் சோதனை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். ஆண்டுச் சோதனையே கேட்காத மாநிலங்களும் உள்ளன. சோதனை உள்ள இடங்களிலும் அது பிரேக், விளக்கு போன்ற வாகனப் பகுதியையே பார்க்கும். பிரித்தானியப் பெருநிலத்தில் மோட்டார்ஹோம் பதிவான மூன்றாம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் எம்.ஓ.டி. சோதனைக்குச் செல்ல வேண்டும். இழுத்துச் செல்லும் கேரவனுக்கு அது கிடையாது. வீட்டுப் பகுதியின் எரிவாயுவையும் ஈரத்தையும் பார்க்கும் வாழிடச் சோதனை உரிமையாளர் தாமாகச் செய்விக்க வேண்டியது. ஜெர்மனியில் எரிவாயு அமைப்புக்கு மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தனிச் சோதனை உண்டு. இந்தியாவில் மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரநிலை உள்ளது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நம் ஊரில் எஃப்.சி. வாங்கிவிட்டால் வண்டி எல்லா வகையிலும் சரி என்று எண்ணும் பழக்கம் இங்கும் பொருந்தாது.

பழைய வண்டி வாங்கும் முன் விற்பவருடன் தொடர்பில்லாத சோதனையாளரை அமர்த்துவது நல்லது. வட அமெரிக்காவில் தேசிய வீட்டு ஊர்திச் சோதனையாளர் சங்கம் இதற்குச் சான்று அளிக்கிறது. மழை நாளில் பார்க்கப் போவது கூடுதல் பயன்.

வாடகைக்கு எடுப்போருக்கு

ஒப்படைக்கும் பணியாளர் அவசரப்படுத்தினாலும் அரை மணி நேரம் ஒதுக்கிக் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுப் பார்க்கலாம்: டயரின் தேதியும் காற்றழுத்தமும், இரு அறிவிப்பான்களின் காலாவதித் தேதி, தீயணைப்பான் இருக்கும் இடம், சிலிண்டரை மூடும் திருகு, தப்பும் சன்னல் திறக்கும் விதம். வண்டியின் உயரத்தை அடியிலும் அங்குலத்திலும் தாளில் எழுதி ஓட்டுநர் முன் ஒட்டிக்கொள்ள வேண்டும். கூரையில் குளிர்சாதனம் இருப்பதை மறந்து தாழ்வான பாலத்திலோ எண்ணெய் நிலையக் கூரையிலோ மோதுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வது. ஓட்டும்போது சிலிண்டர் மூடியிருக்கட்டும். எண்ணெய் நிலையத்துக்குள் நுழையும் முன்பே எல்லாச் சுடர்களும் அணைந்திருக்க வேண்டும். புறப்படுவதற்குச் சற்று முன் ஒருவர் இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, படிக்கட்டு மடக்கப்பட்டதா, மின்கம்பி உருவப்பட்டதா, வெயில்மறைப்புச் சுருட்டப்பட்டதா என்று பார்த்துவிட்டு ஏறுவது முகாம் திடல்களில் பழகியவர்களின் வழக்கம்.